தினமும் 1000 வார்த்தை எழுதினேன், எல்லாம் செத்த எழுத்து

வாசகர் கேள்வி:

சார் வணக்கம். நான் ஒரு கூட்டுறவு பேங்க்ல நகைக்கடன் செக்‌ஷன்ல இருக்கேன். வயசு 36, ரெண்டு பசங்க. ஏழெட்டு வருஷமா கதை எழுதுறேன், மூணு கதை சிறுபத்திரிகையில வந்திருக்கு. எனக்கு எழுத்துங்கறது தானா வரணும், வந்துட்டா ஒரே ராத்திரில முடிச்சிடுவேன், வரலேன்னா மாசக்கணக்குல ஒரு வரி ஓடாது. ஒரு பயிலரங்குல இதுக்கு ஒழுங்கு தான் மருந்து, என்ன ஆனாலும் தினம் 1000 வார்த்தை எழுதுன்னாங்க. ரெண்டு மாசம் விடாம எழுதினேன். படிச்சா எனக்கே வாந்தி வருது, எல்லாம் செத்த எழுத்து. இப்ப பழையபடி தானா வர்றதும் நின்னு போச்சு. நான் எழுத்தாளர் தானா, இல்ல மூடு வந்தா கிறுக்குற ஆளா? வேலைய விட்டா சரியாகுமா? மாசக் கடைசில ஒரு சிறுகதைப் போட்டி இருக்கு, இதோட வச்சிருக்கிற கதைய அனுப்பலாமா? பேரு போட வேணாம் சார்.

பதில்:

வணக்கம். பேரு போடல. கதைய பத்தி இங்க பேசலாமான்னு தனியா கேட்டதுக்கு சரின்னீங்க, அதனால தைரியமா பேசுறேன். ஊரு, ஆளு அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டேன்.

நீங்க அனுப்பினது ரெண்டு ஃபைல். ஒண்ணு அந்தக் கதை, இன்னொண்ணு அந்த ரெண்டு மாசத்து 1000 வார்த்தை எழுத்து, அதையும் எதுக்கு அனுப்பினீங்கன்னு தெரியல, கோவத்துல அனுப்பியிருப்பீங்க போல. நாவல், சிறுகதை எடிட் பண்றது தான் என் பொழப்பு, நான் ரெண்டையும் முழுசா படிச்சேன். உங்க கேள்விக்கு பதில் இந்த ரெண்டு ஃபைலுக்கு நடுவுல தான் இருக்கு, பொதுவா தானா வரணுமா ஒழுங்கா எழுதணுமான்னு பட்டிமன்றம் நடத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

மொதல்ல கதை. 2021ல கூட்டுறவு பேங்க்ல 5 பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடின்னு அரசு அறிவிச்ச சமயம். 5 பவுன்னா 40 கிராம், அதுக்கு மேல துளி போனாலும் லிஸ்ட்ல பேரு இல்ல. உங்க கதையில ஒரு அம்மா கவுன்டர்ல வந்து நிக்கிறாங்க, அவங்க செயினு 40 கிராம தாண்டி ஏதோ அரிசி எடை கூட இருக்கு. ரொம்ப நேரம் நின்னுட்டு மெதுவா கேக்குறாங்க, "கொக்கிய மட்டும் கழட்டிட்டு எடை போடக்கூடாதாம்மா?"

இந்த ஒரு வரிய படிச்சிட்டு நான் பேப்பர கீழ வச்சிட்டேங்க. இத யாரும் ரூம்ல உக்காந்து யோசிச்சு எழுத முடியாது. அரசாணை, எடைத் தராசு, அந்தம்மாவோட வெக்கம், கணக்கு, எல்லாம் அந்தக் கொக்கியில தொங்குது. இது வந்த ராத்திரி உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குப் புரியுது. குக்கர் விசில் கூட காதுல விழுந்திருக்காது.

அப்புறம் என்ன ஆச்சு? அடுத்த பாராவுல அந்தம்மா வெளிய போறாங்க. அதுக்கடுத்த பாரா மூணு மாசம் கழிச்சு. பேப்பர்ல சின்னதா ஒரு செய்தி, கிணத்துல பொணம். கதை முடிஞ்சுது. கோவிச்சுக்காதீங்க, இந்தக் கிணறு நீங்க தோண்டினது இல்ல, தமிழ்ச் சிறுகதையில ரொம்ப நாளா தூர்வாராம கெடக்கிற பொதுக் கிணறு. முடிவு தெரியாத எல்லாரும் கதாநாயகிய கொண்டு போய் அதுல தான் தள்ளுறாங்க. ராத்திரி ரெண்டு மணி, காலைல டிபன் கட்டணும், வேகம் இறங்குறதுக்குள்ள முடிச்சாகணும்ங்கற அவசரம் அந்தப் பாராவுல அப்படியே தெரியுது.

நான் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான். அந்தம்மா கேட்டதுக்கு கவுன்டர்ல உக்காந்திருந்தவ என்ன பதில் சொன்னா? கதையில அது இல்லவே இல்ல. கேள்வி இருக்கு, உடனே அந்தம்மா வெளிய போறாங்க, நடுவுல கவுன்டர்காரியோட வாய் தொறக்கவே இல்ல. சிரிச்சாளா, ரூல்ஸ் பேசினாளா, மேனேஜர் ரூம பாத்தாளா, பக்கத்து சீட்டுக்காரர் காதுல விழுந்துச்சான்னு பயந்தாளா, இல்ல ஒரு நிமிஷம் நிஜமாவே கொக்கிய கழட்டிடலாமான்னு நெனச்சாளா? கதையே அங்க தானங்க இருக்கு!

சரி, இப்ப ரெண்டாவது ஃபைல். நீங்க சொன்ன மாதிரி முக்காவாசி செத்தது தான், பொய் சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை மழை, செவ்வாக்கிழமை அம்மாவோட கை, புதன்கிழமை பஸ்ல பாத்த கெழவி, வியாழக்கிழமை தனிமைன்னா என்ன. ஆனா நடுவுல ஒரு நாளு, மழைய பத்தி எழுத ஆரம்பிச்சு எங்கயோ வழி தவறி உங்க பேங்க் நகை மதிப்பீட்டாளர் பத்தி நாலு வரி எழுதியிருக்கீங்க. உரைகல்லுல தேய்ச்ச கோட்ட பாத்துட்டு அவரு வாயால எதுவும் சொல்ல மாட்டாரு, கண்ணாடிய கழட்டி சட்டை நுனில தொடைப்பாரு, அப்பவே எங்களுக்குத் தெரிஞ்சிடும் நகை சரியில்லன்னு, அடகு வைக்க வந்தவங்களுக்கு மட்டும் தெரியாது, அவங்க அவர் கண்ணாடிய போடுறதுக்காக காத்துக்கிட்டு நிப்பாங்கன்னு எழுதியிருக்கீங்க. அடேங்கப்பா. அடுத்த நாள் என்ன எழுதியிருக்கீங்கன்னு ஆசையா பக்கத்த திருப்புறேன், கொடைக்கானல் மேகம்!

பிரச்சனை இது தான். உங்களுக்கு ஒழுங்கு இல்லன்னு யாரோ சொன்னாங்க, நீங்க அத எண்ணிக்கையா புரிஞ்சுக்கிட்டீங்க. தினமும் எழுதினீங்க, ஆனா தினமும் வேற ஒண்ண எழுதினீங்க. 1000 வார்த்தைங்கறது கை வலிக்கு ஆகுமே தவிர ஒரு கதைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எழுத்துல ஒழுங்குன்னா என்னப் பொறுத்தவரைக்கும் நேத்து விட்ட அதே கதைக்கிட்ட இன்னிக்கு திரும்பிப் போறது, அவ்வளவு தான். அரை பக்கம் எழுதினாலும் சரி, ஒரு வரிய அடிச்சிட்டு வந்தாலும் சரி. இன்னொரு பக்கம் "தானா வருது"ன்னு சொல்றோமே, அதுவும் சும்மா இருக்கறவங்களுக்கு வர்றது இல்லங்க. மனசுல ஒரு கேள்வி தெறந்தே கெடந்தா தான் பஸ்ல போகும்போதோ பாத்திரம் தேய்க்கும்போதோ சட்டுன்னு பதில் வரும். தினமும் புதுசா ஒண்ண ஆரம்பிச்சு ராத்திரிக்குள்ள மூடிட்டா எந்தக் கேள்விய அந்த மண்டை சுமக்கும்? உங்களுக்கு தானா வர்றது நின்னு போனதுக்குக் காரணம் இது தான்னு நெனைக்கிறேன்.

இந்த 1000 வார்த்தை கதைய ஊர் ஊரா பரப்புறவங்க ஆன்டனி டிராலப்ப இழுக்காம இருக்க மாட்டாங்க, உங்க பயிலரங்குலயும் சொல்லியிருப்பாங்க. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், தபால் துறையில வருஷக்கணக்குல முழு நேர உத்தியோகம் பாத்துக்கிட்டே எழுதினவர், வாழ்நாள்ல மொத்தம் 47 நாவல். காலைல 5.30 மணிக்கு மேசைக்கு வந்துடணும்னு ஒரு வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு தனியா குடுத்து காபியோட எழுப்பச் சொல்லி வச்சிருந்தாரு. வாட்ச்ச முன்னாடி வச்சுக்கிட்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. ஒரு நாவல் முடிஞ்சுதுன்னா மறுநாளே அடுத்தத ஆரம்பிச்சிருக்காரு. 1882ல அவரு செத்த பிறகு 1883ல தன்வரலாறு வந்து இந்தக் கணக்கெல்லாம் வெளிய தெரிஞ்சதும், என்னடா இது கலையா குமாஸ்தா வேலையான்னு இலக்கிய உலகத்துல அவரு பேரே கொஞ்சம் அடிபட்டுச்சு.

ஆனா அதே புத்தகத்துல இருக்கிற ரெண்டு விஷயத்த யாரும் சொல்றதே இல்ல. தினமும் எழுத உக்கார்ற மூணு மணி நேரத்துல மொத அரை மணி நேரம் அவரு புதுசா எதுவும் எழுத மாட்டாரு, முந்தின நாள் எழுதினத படிப்பாரு, வார்த்தையோட ஓசை காதுக்கு சரியா விழுதான்னு கேட்டுப் பாப்பாரு. ரெண்டாவது இன்னும் முக்கியம். சின்ன வயசுல அவருக்கு விளையாட ஆளு கிடையாது, பள்ளிக்கூடத்துல ஒதுக்கப்பட்ட பையன், அதனால மனசுக்குள்ளயே ஒரு கதைய கட்டிக்கிட்டு திரிவாரு. அத ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு இல்லாம வாரக்கணக்குல, மாசக்கணக்குல, வருஷக்கணக்குல ஒரே கதையாவே ஓட்டியிருக்காரு. பெரியவரானப்புறமும் பாத்திரங்களோட சோகத்துக்கு அழுதுக்கிட்டும் அவங்க கூத்துக்கு சிரிச்சுக்கிட்டும் தனியா காட்டுப் பக்கம் சுத்தினதா அவரே எழுதி வச்சிருக்காரு. ஆக வாட்ச் வச்சு எழுதின அந்த மூணு மணி நேரம் மட்டும் அவரோட எழுத்து நேரம் கிடையாது, நாள் பூரா அந்த ஆளுங்க அவரு கூடவே நடந்துக்கிட்டு இருந்திருக்காங்க. நாம அந்த வாட்ச்ச மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டோம்.

நம்ம ஊர்லயே பாருங்களேன், உ.வே.சா.வுக்கு தமிழ் சொல்லிக் குடுத்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஊர்க்காரங்க வந்து எங்க கோயிலுக்கு ஒரு தலபுராணம் பாடிக் குடுங்கன்னு கேப்பாங்க, அவரு வாயால பாட்டா சொல்லிக்கிட்டே போவாரு, மாணவங்க ஏட்டுல எழுதுவாங்க. வண்டியில போய்க்கிட்டே அவரு சொல்லச் சொல்ல எழுதின அனுபவத்த உ.வே.சா. தன்னோட வரலாறுல எழுதியிருக்காரு. கேட்டு வாங்கின பாட்டு தான், தானா வந்தது இல்ல, ஆனாலும் தண்ணி மாதிரி கொட்டியிருக்கு. அதுக்குப் பின்னாடி எத்தன வருஷத்து மனப்பாடம், எத்தன ஆயிரம் பழைய பாட்டு! அதே நேரம் ஒண்ணு சொல்லியாகணும், அந்தத் தலபுராணங்கள இன்னிக்கு எத்தன பேரு எடுத்துப் படிக்கிறாங்க? அந்த ஆசான உ.வே.சா. எழுத்து வழியா தான் நமக்குத் தெரியும், அவரோட புராணங்கள் வழியா இல்ல. பழக்கம் கைக்கு சரளத்த குடுக்கும், அதுல சந்தேகமே வேணாம். அந்தக் கொக்கி கேள்விய அது குடுக்காது, அத அந்தம்மா தான் வந்து குடுக்கணும்.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம். "எழுத வரல"ன்னு எங்கிட்ட சொல்ற பத்து பேர்ல பாதிப் பேருக்கு வராம இல்ல, அந்தப் பக்கம் போக பயம். உங்க கதையில கவுன்டர்காரி பேசாம போனதுக்கு நேரம் மட்டும் காரணம்னு நான் நம்பல. அந்த சீட்டுல உக்காந்திருந்தது நீங்க. நீங்க என்ன பதில் சொன்னீங்களோ அது உங்களுக்குப் பிடிக்கலையோ என்னவோ, எனக்கு அது தேவையில்லாத விஷயம், ஆனா கதைக்கு தேவை. அதனால தான் அந்தம்மாவ கொன்னுட்டீங்க, செத்துட்டா பரிதாபத்தோட முடிஞ்சிடும், உயிரோட இருந்தா திரும்பவும் ஒரு நாள் வட்டி கட்ட அதே கவுன்டருக்கு வந்து நிப்பாங்களே. இந்த மாதிரி இடத்துக்கு உத்வேகம் ஒருத்தரையும் கூட்டிக்கிட்டுப் போகாது, அது நமக்குப் பிடிச்ச ரோட்டுல தான் ஓடும். பழக்கம் தான் அங்க கொண்டு போகும், ஏன்னா நாலாவது நாளும் அதே பக்கத்த தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்தா சுத்தி வளைக்க வேற வழியே இருக்காது.

என்ன செய்யலாம்னா, வார்த்தை எண்றத இன்னியோட விட்டுடுங்க. ஒரு கதை, ஒரு நோட்டு. பசங்க தூங்கினப்புறமோ, எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சோ, உங்க வீட்டுக்கு எது தோதுன்னு நீங்களே பாத்துக்கோங்க, அரை மணி நேரம் போதும். உக்காந்ததும் புதுசா எழுதாதீங்க, நேத்து எழுதினத வாய்விட்டுப் படிங்க, வாய்விட்டுன்னா நிஜமாவே சத்தமா, வீட்ல சிரிச்சா சிரிக்கட்டும். எந்த வரில நாக்கு தடுக்குதோ அங்க ஏதோ பொய் இருக்கும், நான் எடிட் பண்றப்போ மொதல்ல தேடுறது அதத் தான். எழுதி முடிக்கும்போது ஒரு காட்சிய முழுசா முடிச்சிட்டு எந்திரிக்காதீங்க, அடுத்து யாரு என்ன பேசப் போறாங்கன்னு தெரியுற இடத்துல பாதியில நிறுத்துங்க. மறுநாள் காலைல பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கும்போது மீதி தானா மண்டையில ஓடும், நீங்க தேடுற அந்த "தானா வர்றது" இது தான், வேற ஒண்ணும் இல்ல.

மார்ச் மாசம் எழுதாதீங்க. கணக்கு முடிக்கிற மாசம் பேங்க்காரங்க படுற பாடு எனக்குத் தெரியும், அந்த மாசம் நோட்ட தொறக்கலையேன்னு குத்த உணர்ச்சில சாகுறதுக்கு பதிலா அத லீவுன்னே வச்சுக்கோங்க. கதை எங்கயும் ஓடிடாது. ஆனா கவுன்டர்ல காதுல விழுற பேச்ச மட்டும் ரெண்டு வரி குறிச்சு வைங்க, போன்ல உங்களுக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா கூட போதும். கடன்காரங்க பேரு, ஊரு, கடன் நம்பர் எதுவும் அதுல வரக்கூடாது, அவங்க நம்பி வந்து கழட்டிக் குடுக்கிறது கழுத்துல கெடந்தது, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல.

ராத்திரில வேகமா வரும்போது என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா திரும்ப வரும், அதனால சொல்லி வைக்கிறேன். வந்தா விடாதீங்க, டைம்டேபிள் எல்லாம் தூக்கிப் போட்டுட்டு எழுதுங்க, தோசை மாவு புளிச்சா புளிக்கட்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு, முடிவ மட்டும் அன்னிக்கே எழுதாதீங்க. அந்த வேகத்துல வர்ற தொடக்கம் பெரும்பாலும் உங்களோடதா இருக்கும், முடிவு பெரும்பாலும் இதுக்கு முன்னாடி நீங்க படிச்ச யாரோடதாவது இருக்கும். உங்க பழைய மூணு கதைய கூட இந்தக் கண்ணோட எடுத்துப் பாருங்க, நான் படிச்சது இல்ல, ஆனா கடைசி பக்கத்துல என்ன நடக்கும்னு என்னால பந்தயம் கட்ட முடியும்.

வேலைய விடாதீங்க. சம்பளம், பசங்க படிப்பு அதெல்லாம் உங்களுக்கே தெரியும், எழுத்துக் கணக்குலயே சொல்றேன், ரெண்டு ஃபைல்லயும் உயிரோட இருக்கிற ரெண்டு இடமும் அந்த கவுன்டர்ல இருந்து வந்தது தான். மழையும் மேகமும் யாருக்கும் வரும், கண்ணாடி தொடைக்கிற மதிப்பீட்டாளர் உங்களுக்கு மட்டும் தான் கெடைச்சிருக்காரு. நீங்க எழுத்தாளர் தானான்னு கேட்டதுக்கு எங்கிட்ட சர்டிபிகேட் எதுவும் இல்ல. மௌனி வாழ்நாள் முழுக்க எழுதினதே ரெண்டு டஜன் கதை தான், வருஷக்கணக்குல எதுவும் எழுதாம இருந்த மனுஷன், அவர எழுத்தாளர் இல்லன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம். கம்மியா எழுதுறது ஒரு நோயே இல்லங்க, அத குணப்படுத்தப் போய் தான் இந்த ரெண்டு மாசம் வீணாச்சு. முழு வீண்னு சொல்ல மாட்டேன், கண்ணாடிக்காரர் கெடைச்சாரே.

போட்டி பத்தி. கெடு வச்சா எழுத்து வரும்னு சொல்றவங்க ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கிய சொல்லுவாங்க, 1866ல நவம்பர் 1ஆம் தேதிக்குள்ள நாவல் குடுக்கலேன்னா அவரோட எழுத்தையெல்லாம் 9 வருஷத்துக்கு காசே குடுக்காம போட்டுக்கலாம்னு பதிப்பாளர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு, சுருக்கெழுத்துப் பொண்ணு ஒருத்தர வச்சு 26 நாள்ல சூதாடியப் பத்தின நாவல சொல்லி முடிச்சாரு. முடிச்சாரு சரி, அதுக்கு முன்னாடி எத்தன வருஷம் சூதாட்ட மேசையில காச தொலைச்சு அலைஞ்சாரு! கெடு அத வெளிய இழுத்துச்சு, உள்ள இருந்ததால வந்துச்சு. உங்களுக்கும் உள்ள இருக்கு, ஆனா மாசக் கடைசிக்குள்ள வருமான்னு எனக்குத் தெரியல, கவுன்டர்காரி எப்ப வாய தொறப்பான்னு உங்களுக்கே இப்ப தெரியாது.

அதனால இப்ப இருக்கிற ரூபத்துல அனுப்பாதீங்க. கிணறு இருக்கிறதால பரிசு கெடைச்சாலும் கெடைக்கும், நம்ம ஊரு நடுவர்களுக்கு கிணறு ரொம்பப் பிடிக்கும், அப்புறம் நீங்க இந்தக் கதைய திருத்தவே மாட்டீங்க, அது தான் என் பயம். கடைசி ரெண்டு பாராவ வெட்டிடுங்க. அந்தம்மா கேட்ட இடத்துல இருந்து, அவங்க வாசல் தாண்டுற வரைக்கும் நடந்தத மட்டும் எழுதுங்க, நிஜத்துல அது ரெண்டு நிமிஷம் இருந்திருக்குமா? அந்த ரெண்டு நிமிஷத்துக்கு நாலு பக்கம் எடுத்துக்கோங்க. மதிப்பீட்டாளரையும் பக்கத்து டேபிள்ல உக்கார வைங்க, அவரு கண்ணாடியோட சும்மா இருக்க மாட்டாரு. எழுதினப்புறம் போட்டி முடிஞ்சிருந்தாலும் பரவால்ல, எனக்கு அனுப்புங்க, அந்த நாலு பக்கம் மட்டும் போதும், மொத மூணு பக்கத்துல நான் கை வைக்க ஒண்ணும் இல்ல.